பொறுத்துக்கொள்வதா, கேட்டுவிடுவதா?

பயணச்சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் நாம். வரிசையில் நின்று, உடைமைகளை எடை போட்டு, சோதனைகளுக்கெல்லாம் உட்பட்டு, உரிய நேரத்தில் உரிய இருக்கையில் வந்து அமர்ந்தவரும் நாமே. தண்ணீர் கேட்கிறோம், "இப்போது முடியாது" என்று முகம் பாராமலே பதில் வருகிறது. பையை மேலே வைக்க இடமில்லை என்கிறோம், "அதற்கு நான் என்ன செய்ய?" என்று அடுத்த பதில் வருகிறது. கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. தாயை நோக்கி ஒரு முறைப்பு பாய்கிறது. முப்பதாயிரம் அடிக்கு மேல், இறங்கிப் போகவும் வழியில்லாமல், நம்மை வெறுப்பவரைப்போல் நடந்துகொள்ளும் ஒருவரின் பொறுப்பில் நான்கு மணி நேரம் இருந்தாக வேண்டும். என்ன செய்வது?

விமானப் பயணம் செல்வந்தருக்கே உரியது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர், கடல்கடந்த ஊரில் பிறந்த பேரக்குழந்தையைக் காணச் செல்லும் பாட்டி, புனித நாட்டுக்குத் திருப்பயணம் புறப்படும் குடும்பம் என நம் பங்குகளில் வானில் பறந்தவர் பலர். திரும்பி வந்தவர்கள் சொல்லும் கதைகளில் இந்தக் கசப்பும் அடிக்கடி இடம்பெறுகிறது. எனவே இது யாரோ சிலருடைய சிக்கலன்று. நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்ட அறநெறிக் கேள்வி.

இக்கேள்விக்கு இரண்டு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. "பொறுத்துப் போ, மறுகன்னத்தைக் காட்டு" என்பது ஒன்று. "விடாதே, உன் உரிமையைக் கேள்" என்பது மற்றொன்று. இரண்டையும் நமக்குச் சொல்கிறவர்கள் நல்லவர்களே. ஆனால் முதல் விடையைப் பின்பற்றிய பலர், பொறுத்துக்கொண்டதாகச் சொல்லிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உள்ளே புகைந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டாம் விடையைப் பின்பற்றிய பலர், உரிமையைப் பெற்றதோடு நில்லாமல் பழியையும் தீர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே இரண்டையும் சற்று நிறுத்தி வைத்துவிட்டு, நிலைமையையே முதலில் உற்று நோக்குவோம்.

யார் வலியவர், யார் எளியவர்?

விமானத்தின் கதவு மூடப்பட்டதும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. 1963ஆம் ஆண்டு டோக்கியோவில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கை, விமானத்தினுள் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பைத் தலைமை விமானியிடம் ஒப்படைத்தது. தேவைப்பட்டால் ஒரு பயணியைக் கட்டுப்படுத்தவும், இறக்கிவிடவும், உரிய அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் அவருக்கு உரிமை உண்டு. இந்தியாவில் வான்போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறை, ஒழுங்கு மீறும் பயணிகளை மூன்று நிலைகளில் வைத்தது: சொல்லாலும் சைகையாலும் தொல்லை தருவோருக்கு மூன்று மாதம் வரை பயணத் தடை; கைகலப்பில் இறங்குவோருக்கு ஆறு மாதம் வரை; உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டாண்டோ அதற்கு மேலோ. பணிப்பெண்ணின் சொல் தலைமை விமானியிடம் போகும். விமானியின் அறிக்கை காவல் நிலையம் வரை போகும். ஆகவே மேலே இருக்கும்போது நாம் எளியவர், அவர் வலியவர்.

சக்கரங்கள் தரையைத் தொட்டதும் தராசு மறுபக்கம் சாய்கிறது. அவர் மாதச் சம்பளம் வாங்கும் ஊழியர், நாம் வாடிக்கையாளர். நாம் எழுதும் ஒரு புகார்க் கடிதம் அவருடைய பதிவேட்டில் ஏறும். நம் கைப்பேசியில் பதிந்த அரை நிமிடக் காட்சி, அவர் வீடு போய்ச் சேருமுன் பல இலட்சம் பேரின் கண்ணுக்கு எட்டிவிடும். அவர் பெயர் அவருடைய மார்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது; நம் பெயரோ பயணிகள் பட்டியலில் ஒரு வரி. இப்போது வலியவர் நாம்.

சில மணி நேரத்திற்குள் இருவரும் இடம் மாறிக்கொள்ளும் இந்த விந்தையில்தான் கேள்வியின் கருவே அடங்கியிருக்கிறது. எளியவராய் இருக்கும்போது நமக்குத் தேவை துணிவு. வலியவராய் இருக்கும்போது தேவை இரக்கம். நாம் செய்வதோ பெரும்பாலும் நேர்மாறு. மேலே வாயடைத்து இருக்கிறோம். கீழே இறங்கியதும் வாளை உருவுகிறோம். நேருக்கு நேர் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், முதுகுக்குப் பின்னால் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்கிறோம்.

புன்னகையின் விலை

நம்மீது எரிந்து விழும் அந்தப் பெண் யார்? (இன்று ஆண்களும் இப்பணியில் இருக்கிறார்கள், சொல்வது இருபாலார்க்கும் பொருந்தும்.) 1930ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோ நோக்கிப் புறப்பட்ட விமானத்தில் எல்லன் சர்ச் என்பவர் பணியாற்றினார். உலகின் முதல் விமானப் பணிப்பெண் என்று அறியப்படும் அவர், பயிற்சி பெற்ற செவிலியர். அஞ்சி நடுங்கும் பயணிகளையும் குமட்டலால் வாடுவோரையும் கவனிக்கச் செவிலியர் தேவை என்ற எண்ணத்தில் பிறந்த பணி இது.

பின்னாளில் செவிலியரின் இடத்தைச் சிங்காரப் பதுமை பிடித்துக்கொண்டது. நம் நாட்டில் ஏர் இந்தியா நிறுவனத்தின் பணிப்பெண்கள், வேலையில் சேர்ந்த நான்காண்டுக்குள் திருமணம் செய்தாலோ, முதல் முறை கருவுற்றாலோ, 35 வயதை எட்டினாலோ பணியிலிருந்து விலக வேண்டும் என்ற விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா தொடுத்த வழக்கில், கருவுற்றதற்காக ஒரு பெண்ணை வேலையைவிட்டு நீக்கும் பகுதியை 1981ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. தாய்மையையே தகுதிக் குறைவாகக் கருதிய ஒரு தொழில், அதைச் செய்யும் பெண்ணை எந்த அளவுக்கு மனிதப் பிறவியாக மதித்திருக்கும்?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷில்ட், 1983இல் வெளியான தம் நூலில் விமானப் பணிப்பெண்களின் பயிற்சியையும் வாழ்வையும் ஆராய்ந்தார். கைகளின் உழைப்பை விற்பது போல உணர்வுகளின் உழைப்பையும் விற்க நேரும் தொழில்கள் உண்டு என்பது அவர் கண்ட உண்மை. சினம் வந்தாலும் சிரிக்க வேண்டும். அதுவும் உள்ளத்திலிருந்து வந்ததுபோல் சிரிக்க வேண்டும். சுமை தூக்குவோரின் தோள் தேய்வது கண்ணுக்குத் தெரியும். சிரிப்பை விற்பவரின் உள்ளே தேய்வது எது என்பதை எவரும் பார்ப்பதில்லை.

180 இருக்கைகள் கொண்ட விமானத்தில், ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில், நால்வர் பணியாற்றக்கூடும். ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்கும் விமானமானால், நம்மை வரவேற்ற வணக்கம் அன்றைய எழுநூறாவது வணக்கமாக இருக்கலாம். விமானத்தினுள் நாம் மூச்சு விடும் காற்று ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையின் காற்றைப்போல் மெலிந்தது. பாலைவனக் காற்றைப்போல் உலர்ந்தது. அமெரிக்காவில் பல நிறுவனங்களில் கதவு மூடிய பிறகே பணியாளரின் ஊதியக் கணக்கு தொடங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்று, பயணிகள் ஏறும் நேரத்துக்கும் பாதி ஊதியம் தரத் தொடங்கியது. பைகளுக்கும் இருக்கைகளுக்கும் சண்டை மூளும் நேரம் அதுவே அல்லவா?

இவையெல்லாம் கடுமொழிக்குக் காரணங்கள், நியாயங்கள் ஆகா. காரணம் வேறு, நியாயம் வேறு. எனினும் காரணத்தை அறியாதவர் நியாயம் பேசத் தகுதியுடையவர் அல்லர்.

கண்டிப்பும் கடுமையும்

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உணவும் தண்ணீரும் தருவது விமானப் பணிப்பெண்ணின் முதற்பணி அன்று. உயிரைக் காப்பதே முதற்பணி. 2024ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், தரையிறங்கிய பயணியர் விமானம் ஒன்று ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவற்படை விமானத்தின்மீது மோதித் தீப்பற்றியது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தனர். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினர். அறிவிப்புக் கருவி செயலிழந்த நிலையில், பணியாளர்கள் ஒலிபெருக்கிக் குழல்களை ஏந்தியும் உரக்கக் கத்தியும் மக்களை வெளியேற்றினார்கள். அந்த நேரத்தில் எவரும் அவர்களிடம் இன்மொழியை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1986ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பணியாற்றிய நீர்ஜா பானோட்டை நம் நாடு மறந்துவிடவில்லை. கடத்தல்காரர் நுழைந்ததை விமானிகளுக்கு உணர்த்தி, பயணிகள் தப்பக் கதவைத் திறந்து, பிறரைக் காக்கும் முயற்சியில் குண்டுபட்டு இறந்தபோது அவருக்கு வயது 22. இந்திய அரசு அவருக்கு அசோகச் சக்கர விருதை அளித்தது. நமக்குத் தண்ணீர் கொண்டுவரத் தாமதிக்கும் பெண், தேவை நேர்ந்தால் நமக்காக இறக்கவும் கூடிய பணியை ஏற்றவர்.

ஆகவே, இருக்கைவாரைக் கட்டச் சொல்லும்போதும், இருக்கையை நிமிர்த்தச் சொல்லும்போதும், வெளியேறும் வழியில் வைத்த பையை அகற்றச் சொல்லும்போதும், குரல் எப்படி இருந்தாலும் கீழ்ப்படிவதே முறை. கட்டளையின் நியாயம் குரலின் இனிமையைப் பொறுத்ததன்று. கண்டிப்பு ஒரு கடமையைக் காக்கிறது. கடுமை ஒரு மனிதரைத் தாழ்த்துகிறது. முன்னதற்குப் பணிந்து, பின்னதைப் பற்றி மட்டுமே நாம் பேச வேண்டும்.

கைதட்டும் கூட்டம்

நியூயார்க் நகரின் ஒரே விமான நிலையத்தில் நான்காண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2010 ஆகஸ்டு மாதம், பயணி ஒருவரோடு மோதல் ஏற்பட்டதாகச் சொன்ன பணியாளர் ஒருவர், ஒலிவாங்கியில் வசைமொழி கூறிவிட்டு, அவசரகாலச் சறுக்குப் பாதையை விரித்து அதன் வழியே இறங்கி வெளியேறினார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவரை, வேலையில் வெந்து நொந்த பலர் வீரராகக் கொண்டாடினார்கள். 2014 டிசம்பரில், விமான நிறுவனத் தலைவரின் மகளும் அதன் உயர் அதிகாரியுமான ஒருவர் பயணியாக அமர்ந்திருந்தார். கொட்டைப் பருப்பைத் தட்டில் வைத்துத் தராமல் பொட்டலமாகத் தந்தார்கள் என்பதற்காகப் பணியாளரை மண்டியிடச் செய்து, புறப்பட்ட விமானத்தைத் திருப்பி, மூத்த பணியாளரை இறக்கிவிட்டார். கொரிய நீதிமன்றம் அவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. முதல் நிகழ்ச்சியில் கீழிருந்த சினம். இரண்டாவதில் மேலிருந்த சினம். இரண்டிலும் தன் எதிரே நிற்பவர் ஒரு மனிதர் என்பது மறைந்துபோயிற்று.

2022 டிசம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து தில்லிக்கு வந்த விமானத்தில், உணவு தொடர்பாக ஒரு பயணிக்கும் பணிப்பெண்ணுக்கும் வாக்குவாதம் மூண்டது. விரலை நீட்டிப் பேசிய பயணியிடம், தாம் ஓர் ஊழியரே அன்றி அவருடைய வேலைக்காரி அல்ல என்று அந்தப் பெண் குரல் உடைந்து கூறிய காட்சி நாடெங்கும் பரவியது. சிலர் அவரைப் பாராட்டினர், சிலர் இகழ்ந்தனர். நமக்கோ அந்தச் சொல் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஒன்று. பாதம் கழுவிய ஆண்டவரை வழிபடும் நாம், பணிவிடை என்பதை இழிவாகக் கருத முடியாது. ஆனால் தாமே முன்வந்து குனிபவரின் பணிவிடை வேறு. விரலசைவால் குனிய வைக்கப்படுபவரின் அடிமைத்தனம் வேறு. நாம் வாங்கிய சீட்டு ஓர் இருக்கைக்கும் ஒரு பயணத்துக்கும் உரியது. எவருடைய தன்மானமும் அந்த விலைக்குள் அடங்கவில்லை. அப்படியே நம் தன்மானத்தையும் நாம் வாயிலில் ஒப்படைத்துவிட்டு ஏறவில்லை.

காவலனிடம் ஒரு கேள்வி

மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவர், தம் கன்னத்தில் அறை விழுந்தபோது என்ன செய்தார்? யோவான் நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் விடை தருகிறது. அன்னாவின் முன் நடந்த விசாரணையில், அருகில் நின்ற காவலன் ஒருவன் அவரை அறைந்தான். இயேசு திருப்பி அடிக்கவில்லை. மௌனமாக மறுகன்னத்தைக் காட்டவுமில்லை. தாம் பேசியது தவறானால் அத்தவறு எது என்று எடுத்துக்காட்டும்படியும், சரியானால் தம்மை அடிப்பதற்குக் காரணம் என்ன என்றும் அவனிடமே கேட்டார்.

இந்தக் கேள்வியில் மூன்று நுட்பங்கள் உள்ளன. முதலாவது, அது காவலனிடமே கேட்கப்பட்டது. மேலதிகாரியான அன்னாவிடம் அவர் முறையிடவில்லை. கட்டளைக்குக் கைகட்டி நிற்கும் ஒரு பணியாளனை, காரணம் கேட்டால் காரணம் சொல்லத் தகுந்த மனிதனாக அவர் மதித்தார். இரண்டாவது, தம் பக்கமே தவறு இருக்கக்கூடும் என்பதற்கும் அக்கேள்வியில் இடம் விட்டார். தவறே செய்ய இயலாத அவரே அவ்வாறு இடம் விட்டுப் பேசினார் என்றால், நாம் எம்மாத்திரம்! மூன்றாவது, அது கேள்வியே, தீர்ப்பு அன்று. தீர்ப்பு வாயை அடைக்கும். கேள்வி மனச்சான்றைத் திறக்கும்.

புனித தோமா அக்குவினாஸ் தமது 'இறையியல் தொகுப்பு' நூலில், நம்மை இழிவுபடுத்தும் சொற்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பதைத் தனி வினாவாகவே எடுத்து ஆராய்கிறார். பொறுமையைப் பற்றிய கட்டளைகள் உள்ளத்தின் ஆயத்த நிலையைக் குறிப்பவை என்ற புனித அகுஸ்தீனின் விளக்கத்தை அவர் ஏற்கிறார். தேவையானால் எதையும் தாங்க நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆனால் எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்கக் கடமைப்பட்டவர் அல்லர். இதற்கு அவர் காட்டும் சான்று, காவலனிடம் ஆண்டவர் கேட்ட அதே கேள்விதான். இழிவுபடுத்துபவரின் நன்மைக்காகவும், பிறருடைய நன்மைக்காகவும் சில வேளைகளில் எதிர்த்துப் பேச வேண்டும் என்கிறார் அவர். ஆனால் அந்தப் பேச்சு அன்பின் கடமையிலிருந்து எழ வேண்டும். நம் மதிப்பைக் காத்துக்கொள்ளும் வேட்கையிலிருந்து எழக்கூடாது என்பதே அவர் வகுக்கும் எல்லை.

நம் வள்ளுவரும் பொறையுடைமையை இல்லறவியலிலும், வெகுளாமையைத் துறவறவியலிலும் வைத்தார். சினமே எழாத நிலை துறவியரின் உயரம். எழுந்த சினத்தை அடக்கி ஆளும் பொறுமை வீட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் கடமை. ஆகவே இருக்கையில் அமர்ந்திருக்கும் நமக்குச் சினம் வந்ததே பாவம் என்று அஞ்ச வேண்டியதில்லை. அது யாருக்காக வந்தது, அதைக்கொண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.

அடுத்த இருக்கையில் இருப்பவர்

"யாருக்காக" என்ற சொல்லைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்குள்ள தமிழ் மக்களுக்குத் தவக்காலத் தியானம் கொடுப்பதற்காக, திருச்சிராப்பள்ளியிலிருந்து வளைகுடா நாடு ஒன்றுக்கு ஒருமுறை சென்றேன். விமானத்தில் பெரும்பாலோர் கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞர்கள். எனக்கு முன் இருக்கையில் இருந்தவருக்கு அதுவே முதற்பயணம் போலும். தலைக்கு மேலிருந்த விளக்கை ஏற்ற முயன்று, பக்கத்தில் இருந்த அழைப்புப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தினார். மூன்றாம் முறை வந்த பணிப்பெண் அவரை ஆங்கிலத்தில் கடிந்து கொட்டினார். சொற்கள் அந்த இளைஞருக்கு விளங்கவில்லை, குரல் விளங்கியது. "சாரி மேடம், சாரி மேடம்" என்று கைகூப்பினார். இத்தனைக்கும் எனக்கு அதே பெண் கனிவோடுதான் காப்பி தந்திருந்தார். மேலங்கிக்குக் கிடைத்த மரியாதை அது.

இளைஞருக்கு அருகில் இருந்த முதிய பெண்மணி, ஓய்வு பெற்ற ஆசிரியை என்று பின்னர் அறிந்தேன். அவர் பணிப்பெண்ணை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: "அம்மா, அவர் உங்களை அழைக்கவில்லை. விளக்கைப் போடப் பார்க்கிறார். தெரியாமல் செய்தவரை ஏன் இப்படித் திட்டுகிறீர்கள்?" பின்பு இளைஞரிடம் திரும்பி, "தம்பி, விளக்குக்கு இது, அவர்களைக் கூப்பிடுவதற்கு அது" என்று காட்டிக்கொடுத்தார். பணிப்பெண் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் உணவு கொண்டுவந்தபோது, சைவமா அசைவமா என்று அந்த இளைஞரிடம் நின்று கேட்டுக் கொடுத்தார்.

நமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைப் பொறுத்துக்கொள்வது அருஞ்செயல். அயலாருக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைப் பொறுத்துக்கொள்வதற்குப் பொறுமை என்று பெயரில்லை. அதைச் சகித்துக்கொள்ளும் உரிமையை அயலார் நமக்குத் தரவில்லை. ஊரில் நிலத்தை அடகு வைத்துச் சீட்டு வாங்கியவர், அந்நிய மொழிக்கு அஞ்சி வாய்மூடி இருப்பவர், நம் அருகில் இருக்கும்போது, மொழியும் துணிவும் உள்ள நம் நாவு அவருடைய நாவும் ஆகும்.

மூன்று படிகள்

எப்படிக் கேட்பது என்பதற்கும் நற்செய்தியில் வழி உண்டு. மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம், தவறு செய்த சகோதரரைத் திருத்த மூன்று படிகளைக் காட்டுகிறது: முதலில் தனியாக, கேளாவிடில் ஓரிருவரை உடன்வைத்து, அப்போதும் கேளாவிடில் சபையில்.

வானிலும் இந்தப் படிகள் பொருந்தும். முதற்படி, பலர் காதுபட அன்று, வாய்ப்பு நேரும்போது அவரிடமே மெல்லச் சொல்வது. அவருடைய பெயரைச் சொல்லி அழைத்து, "இன்று களைப்பாக இருக்கிறீர்கள் போலும்; நான் ஏதேனும் தவறு செய்துவிட்டேனா?" என்று கேட்பது. பாதிச் சண்டைகள் இந்த ஒரு வினாவிலேயே அடங்கிவிடும். இரண்டாம் படி, விமானத்தில் உள்ள தலைமைப் பணியாளரிடம் சொல்வது. அவர் நேரில் பார்த்தோ விசாரித்தோ சரிசெய்யக்கூடியவர். வாக்குவாதம் வளர்கிறது என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வானில் வெல்லும் சண்டை எதுவும் இல்லை. மூன்றாம் படி, தரையிறங்கிய பின் நிறுவனத்துக்கு எழுதுவது. அங்கும் நீதி கிடைக்காவிடில் முறையிட, வான்போக்குவரத்து அமைச்சகம் 2016ஆம் ஆண்டு தொடங்கிய 'ஏர்சேவா' போன்ற வழிகள் உள்ளன.

கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்குக் காட்டுவது, முதல் இரண்டு படிகளையும் தாண்டி நேரே கூரைக்கு ஏறுவதாகும். அந்தக் கூரையிலிருந்து கேட்பது சபையும் அன்று. முன்பின் அறியாத கூட்டம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, அயலாரின் நற்பெயருக்கு எதிரான மூன்று குற்றங்களைச் சொல்கிறது: போதிய சான்றின்றி ஒருவரிடம் குற்றம் இருப்பதாகத் தீர்மானிப்பது, தக்க காரணமின்றி ஒருவரின் உண்மையான குறையை அறியாதவருக்கு அறிவிப்பது, பொய்யைச் சொல்லிப் பழிப்பது. மூன்றாவது தவறு என எல்லாரும் அறிவோம். இரண்டாவதைத் தவறு என்றே பலர் நினைப்பதில்லை. "உண்மையைத்தானே சொன்னேன்" என்கிறோம். உண்மையும்கூட யாரிடம், எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தே அறமாகிறது. வன்முறையோ பெருங்கொடுமையோ நிகழும்போது பதிவு செய்வது சான்றாகலாம். அந்தச் சான்று சேர வேண்டிய இடம் விசாரிக்கும் அதிகாரம் உடையவரின் மேசை.

எழுதும் கடிதத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. நாள், விமான எண், இருக்கை எண், நடந்தது, சொல்லப்பட்ட சொல் ஆகியவை இருக்கட்டும். "எப்போதுமே இப்படித்தான்", "இவர்கள் எல்லாருமே இப்படித்தான்" என்பவை வேண்டாம். நாம் என்ன சொன்னோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கேட்பது திருத்தமா, தண்டனையா என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்ல வேண்டும். எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் படித்துப் பார்க்கலாம். இதை அந்தப் பெண்ணின் முன்னால் உரக்கப் படிக்க நமக்கு மனம் வருமா என்பதே சோதனை. வருமானால் அனுப்பலாம், வராவிடில் கிழித்துவிடுவது நல்லது. சிறு முகச்சுளிப்புக்காக ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைப்பது நீதியன்று. எளியோரைத் தொடர்ந்து இழிவுபடுத்துபவரைப் பற்றி எழுதாமல் விடுவதும் நீதியன்று. அடுத்த விமானத்தில் ஏறப்போகும் கைகூப்பும் இளைஞருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

இன்னொரு கடிதமும் உண்டு. அதை நாம் எழுதுவதே இல்லை. நன்றாகப் பணியாற்றியவரைப் பெயர் குறிப்பிட்டுப் பாராட்டும் கடிதம் அது. பத்துப் பயணங்களில் ஒன்பது நல்ல விதமாக முடிகையில் வாளாவிருந்துவிட்டு, பத்தாவதற்கு மட்டும் பேனா எடுப்பவரின் நீதியுணர்வு ஒற்றைக்காலில் நிற்கிறது.

இறுதியாக, அன்பர்களே, இது விமானத்தோடு முடிவதன்று. நியாய விலைக் கடையில், மருத்துவமனை வார்டில், வங்கிச் சாளரத்தில், ஏன், பங்கு அலுவலகத்திலும்கூட, பணிவிடை செய்ய வேண்டியவர் எரிந்து விழுவதையும், பணிவிடை பெறுபவர் ஏறி மிதிப்பதையும் நாள்தோறும் காண்கிறோம். ஒவ்வோர் இடத்திலும் முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இந்த நேரத்தில் நான் எளியவனா, வலியவனா? எளியவர் என்றால் அஞ்சாமல், அடக்கத்தோடு, எதிரே இருப்பவரிடமே கேட்போம். வலியவர் என்றால் கையில் உள்ளதை எறியுமுன் அவருடைய நீண்ட நாளை நினைத்துப் பார்ப்போம். அடுத்த முறை விமானத்திலிருந்து இறங்கும்போது, வாயிலில் கைகூப்பி நிற்பவர் முகம் கடுத்தே இருந்தாலும், அந்த முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, நன்றி கூறி இறங்குவோம். சொல்ல வேண்டிய குறை இருந்தால், அந்த நன்றிக்குப் பிறகு அதையும் அவரிடமே சொல்வோம்.